சாப்ளின் அழிக்கச் சொன்ன படச்சுருள்கள்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது மேல்சுவரில் ஊர்கிற எறும்பு வரைக்கும் தெரிகிறது. அதைச் சாக்காக வைத்து ஒட்டடை அடிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாள் வீட்டுக்காரி. தங்கச்சியின் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலமே போதும் என்று அடம்பிடிக்காமல் ஒருமுறை டாக்டரிடம் காட்டச் சொல்.

டிவி பார்க்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்ததும் மகள் ஒரு ஆவணப்படத்தைப் போட்டுக் கொடுத்தாள். ‘அன்னோன் சாப்ளின்’ என்று பெயர். 1983-இல் இங்கிலாந்தின் தேம்ஸ் டெலிவிஷனுக்காக கெவின் பிரௌன்லோ, டேவிட் கில் என்ற இருவர் எடுத்தது, மூன்று பாகம். பின்னணியில் பேசுவது ஜேம்ஸ் மேசன். அதைப் பார்த்ததிலிருந்து உன்னிடம் சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து உன் கதையை ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பிறந்தார், லண்டன் சந்துகளில் பட்டினி கிடந்தார், அம்மாவுக்குச் சித்தம் கலங்கியது, அமெரிக்கா போனார், உலகப் புகழ் பெற்றார் என்கிற அந்தத் தெரிந்த வரிசை இதில் பெரிதாக இல்லை. இவர்கள் கையில் கிடைத்தது வேறு சரக்கு. சாப்ளின் வேண்டாம் என்று ஒதுக்கிய ஷாட்டுகள், நம் சினிமாக்காரர்கள் பாஷையில் என்.ஜி. அதுவும் பெட்டி பெட்டியாக. அவற்றையெல்லாம் அழித்துவிடும்படி அவரே சொல்லியிருந்தார். 1952-இல் அமெரிக்காவை விட்டுக் கிளம்பினாரே, திரும்பி வரும் அனுமதியையும் ரத்து செய்தார்களே, அதற்குப் பிறகு அங்கிருந்த அவருடைய ஸ்டுடியோவைக் காலி செய்தார்கள். அந்தக் களேபரத்தில் ஒரு பகுதி எப்படியோ பிழைத்து, ரேமண்ட் ரோஹாவர் என்ற சேகரிப்பாளர் கைக்குப் போய்விட்டது. மீதியில் கொஞ்சம் சுவிட்சர்லாந்தில் குடும்பத்தார் வசம் இருந்தது. சாப்ளின் 1977-இல் காலமான பிறகு, அவர் மனைவி ஊனா இவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

முதல் பாகம் 1916, 17-இல் மியூச்சுவல் கம்பெனிக்கு அவர் எடுத்த 12 குட்டிப் படங்களைப் பற்றியது. ஒப்பந்தம் போடும்போது அவருக்கு 26 வயது. சம்பளம் வாரத்துக்கு 10,000 டாலர், அது போகக் கையெழுத்துக்காகத் தனியாக 1,50,000. இவ்வளவு வாங்குகிற ஆளிடம் ஒரு ஸ்கிரிப்ட் கிடையாது, மாப்ள! செட்டைப் போடு, ஆட்களை நிறுத்து, கேமராவை ஓட்டு, அப்புறம் யோசிக்கலாம் என்கிற ரகம். மற்றவர்கள் ஒத்திகை பார்த்துவிட்டுப் படம் எடுப்பார்கள். இவர் ஒத்திகையையே படமாக எடுக்கிறார். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் எண் எழுதிய பலகையைக் காட்டியிருக்கிறார்கள். அந்த எண்களை வைத்து பிரௌன்லோவும் கில்லும் சுருள்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அப்படி அடுக்கிப் பார்த்தால், ஒரு மனிதன் யோசிப்பது அப்படியே கண்ணில் தெரிகிறது.

‘தி இமிக்ரண்ட்’ உனக்கு ஞாபகம் இருக்கும். கப்பலில் அமெரிக்காவில் குடியேற வருகிறவர்கள், சுதந்திர தேவி சிலை, பிறகு சாப்பாட்டுக் கடை. அந்தப் படம் கப்பலில் தொடங்கவே இல்லை. முதலில் எடுத்தது சாப்பாட்டுக் கடையைத்தான், அதுவும் ஓவியர்கள் வந்துபோகிற ஒரு கடையாக. சார்லி உட்கார்ந்து அவரைக்கொட்டை சாப்பிடுகிறார், நாயகி எட்னா பர்வியன்ஸ் உள்ளே வருகிறாள். சரி, இந்தப் பெண் யார், இவனுக்கும் இவளுக்கும் என்ன உறவு? அது அவருக்கே தெரியாது. பரிமாறுகிறவராக முதலில் ஹென்றி பெர்க்மன் நடித்திருக்கிறார். நல்ல நடிகர்தான், ஆனால் அவரைப் பார்த்து யாருக்கும் பயம் வராது. பத்து சென்ட் குறைந்த ஆளைப் போட்டு மொத்துகிற கடை அது. சார்லியின் பையிலோ காசே இல்லை. பயம் இருந்தால்தானே சிரிப்பு வரும்? பெர்க்மனைத் தூக்கிவிட்டு, மலைபோல இருக்கும் எரிக் கேம்பெல்லைப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி எடுக்கிறார். புருவத்தைப் பார்த்தாலே நமக்குக் கலங்குகிறது. அதே பெர்க்மன் பின்னால் ஓவியராக வந்து கதையை முடித்து வைக்கிறார்.

அதற்கும் பிறகுதான், இவர்கள் இரண்டு பேரும் முன்பே சந்தித்திருந்தால் என்ன என்று தோன்றி, கப்பல் காட்சியை எடுக்கிறார். படத்தின் முன்பாதி பின்னால் பிறந்தது! இதற்கெல்லாம் விலை கொடுத்தது எட்னாதான், பாவம். டேக்குக்கு டேக் தட்டுத் தட்டாக அவரையைத் தின்று கடைசியில் உடம்புக்கே முடியாமல் போய்விட்டதாம்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்ட இன்னொன்று அவர் முகம். ஷாட் போய்க்கொண்டிருக்கும்போது நமக்குத் தெரிந்த சார்லி. ஏதோ ஒன்று பிசகியதும் சட்டென்று அந்த முகம் கழன்று, வேலை கெட்ட மேஸ்திரியின் முகம் ஒன்று வெளியே வருகிறது. தொப்பியும் மீசையும் அப்படியே இருக்கின்றன, ஆள் வேறு.

இரண்டாம் பாகத்தில் ‘சிட்டி லைட்ஸ்’. பார்வையற்ற பூக்காரிப் பெண் இந்த நாடோடியைப் பணக்காரன் என்று தப்பாக நினைக்க வேண்டும். ஊமைப்படம். அவளுக்குக் கண் தெரியாது, நமக்குக் காது கேட்காது. எப்படிக் காட்டுவது? 1928 கடைசியில் படப்பிடிப்பு தொடங்கியது. இதற்கு விடை தெரியாமல் மாதக்கணக்கில் ஆளும் செட்டும் சும்மா காத்துக் கிடந்திருக்கின்றன. கடைசியில் பிடிபட்டது ஒரு கார்க் கதவு. போக்குவரத்து நெரிசலில் நிற்கிற ஒரு பெரிய காருக்குள் ஒரு பக்கமாக ஏறி மறுபக்கமாக இறங்குகிறார் சார்லி. கதவு சாத்துகிற சத்தம் அவளுக்குக் கேட்கிறது. அவ்வளவுதான், பணக்காரன்! பிறகு காரின் சொந்தக்காரன் வந்து ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறான். மீதிச் சில்லறை வாங்காமலே போய்விட்டான் என்று அவள் நினைக்கிறாள், சார்லி ஓசைப்படாமல் நகர்ந்துவிடுகிறார். ஒரு சத்தத்தை நம் கண்ணுக்குக் காட்டிவிட்டார். பேசும் படம் வந்து ஊரே அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், மாப்ள.

அந்தப் பூக்காரிக் காட்சியை 342 முறை எடுத்ததாக கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. அவருடைய நண்பரான கேலிச்சித்திரக்காரர் ரால்ஃப் பார்ட்டன் தன் சின்ன கேமராவில் அந்தப் படப்பிடிப்பைப் பிடித்து வைத்திருக்கிறார், அதையும் காட்டுகிறார்கள். பூவை நீட்டுவதில்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார் மனிதர். பூக்காரியாக நடித்த வெர்ஜீனியா செரில் வயதான காலத்தில் உட்கார்ந்து பேசுகிறார். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாதாம். நடுவில் அவரை நீக்கிவிட்டு ஜார்ஜியா ஹேலை வைத்துக் கடைசிக் காட்சியை எடுத்துப் பார்த்திருக்கிறார் சாப்ளின். பிறகு வேறு வழியில்லாமல் திரும்பக் கூப்பிட, இந்த அம்மாள் சம்பளத்தை இரட்டிப்பாக்கினால்தான் வருவேன் என்று சொல்லி வாங்கியும் விட்டார். எனக்கு அந்த இடத்தில் கைதட்டத் தோன்றியது.

ஆனால் நீ கட்டாயம் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. ‘சிட்டி லைட்ஸ்’ படத்துக்காக எடுத்து, பிறகு முழுதாக வெட்டி எறிந்த ஏழு நிமிடக் காட்சி. நடைபாதையில் தரையோடு பதித்த ஒரு இரும்புக் கம்பி மூடி, அதன் இடுக்கில் ஒரு மரக்குச்சி மாட்டியிருக்கிறது. போகிற போக்கில் சார்லி கைத்தடியால் அதை ஒரு தட்டு தட்டுகிறார். உள்ளே விழவில்லை. இன்னொரு தட்டு. விழுவதுபோல் போய் மறுபடி படுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் கதை. அதற்குள் ஒரு கூட்டம் கூடிவிடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் கடைக்குள் நிற்கிற ஆள், அப்படித் தள்ளு இப்படித் தள்ளு என்று சைகையிலேயே தவிக்கிறான். கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பையன் வேறு வெறித்துப் பார்க்கிறான். ஒன்றுமில்லாத விஷயத்தில் இவ்வளவா! நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, சொட்டு மருந்து போன இடம் தெரியவில்லை. இதை ஒருத்தன் எடுத்து முடித்துவிட்டு, படத்துக்கு ஒட்டவில்லை என்று தூக்கிப் போடுகிறான் என்றால் அவன் மனதில் இருந்த அளவுகோல் என்னவாக இருக்கும்?

மூன்றாவது பாகம் அவ்வளவு கட்டுக்கோப்பாக இல்லை, கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கட்டியது போல இருக்கிறது. ஆனாலும் அதில் ஒரு தெள்ளுப்பூச்சி சர்க்கஸ் வருகிறது. 1919 வாக்கில் தொடங்கி அரைகுறையாக விட்டதை, 1952-இல் ‘லைம்லைட்’ படத்தில் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். நண்பர் வீட்டில் உலக உருண்டையை வைத்துக்கொண்டு சும்மா விளையாடியதும் அப்படித்தான், பல வருஷம் கழித்து 1940-இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தில் ஹிட்லரைக் கேலி செய்கிற ஹின்கெல் என்ற சர்வாதிகாரியின் கையில் வந்து சேர்ந்தது. எதையும் வீணாக்காத ஆள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. ‘தி கிட்’ படத்தில் 12 வயதுச் சிறுமியாக வந்த லிட்டா கிரேயை 1924-இல் சாப்ளின் கல்யாணம் செய்தபோது அவளுக்கு வயது 16, இவருக்கு 35. ‘தி கோல்ட் ரஷ்’ படத்தில் நாயகியாக ஒப்பந்தமாகி, கர்ப்பமானதால் விலக்கப்பட்டாள். அந்த அம்மாளும் இதில் பேசுகிறார். ஆனால் எடுத்தவர்களுக்குத் தொழில்மேல்தான் கண். மனிதரைத் தொட வேண்டிய இடத்தில் பட்டும் படாமல் நகர்ந்துவிடுகிறார்கள். தொழிலை மட்டும் பார்ப்போம் என்று முடிவு செய்தது சரிதான், என்றாலும் அந்த வயதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை.

நம் பக்கம் நினைத்துப் பார்த்தேன். ‘திருவிளையாடல்’ தருமி கோயிலில் தனியாக நின்று புலம்புவானே, அது நாகேஷ் அங்கேயே சேர்த்துப் பேசியது என்று எத்தனையோ வருஷமாகச் சொல்கிறார்கள். சரி, அதற்கு முந்தின டேக் எப்படி இருந்தது? எதைச் சொல்லிப் பார்த்து வேண்டாம் என்று விட்டார்? ஒரு பெட்டி என்.ஜி. கிடைத்தால் போதும், நான் சொத்தை எழுதிக் கொடுப்பேன். (சொத்து என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய்.)

இப்போது உன் பையன் விஷயம். வேலையை விட்டுவிட்டு ஸ்டாண்ட்-அப் காமெடி என்று அலைகிறான், காமெடி பிறவியிலேயே வர வேண்டும், வீட்டில் ஒரு ஜோக்கை உருப்படியாகச் சொல்லத் தெரியாதவன் மேடையில் என்னத்தைக் கிழிக்கப் போகிறான் என்று நாலு பக்கம் எழுதியிருந்தாய். அவன் கண்ணாடி முன்னால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறான், கேட்கவே எரிச்சலாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். மாப்ள, உன் எரிச்சல் எனக்குப் புரிகிறது, மாசச் சம்பளம் நின்றுபோனால் யாருக்கும் வயிறு கலங்கும். அதைப் பற்றி அவனோடு சண்டை போடு, தாராளமாகப் போடு. ஆனால் அந்தக் கண்ணாடி விஷயத்தை மட்டும் விட்டுவிடு. அந்த எட்னா தின்ற அவரையும் இதே கணக்குதான். அவன் தப்புத் தப்பாகச் சொல்வது உன் காதில் விழுகிறது, மற்றவர்களுக்கு அது விழுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

படத்தைப் பெரிய திரையில் போட்டுப் பார், போனில் பார்க்காதே. முதல் பாகத்தைப் பையனோடு சேர்ந்து பார்த்தால் நல்லது, நடுவில் புத்திமதி சொல்லாமல் இருக்க முடிந்தால்.

அவனுடைய அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று கேட்டு எழுது. நீ போகாவிட்டாலும் எனக்கு ஒரு டிக்கெட் போடச் சொல். முன்வரிசை மட்டும் வேண்டாம். முன்வரிசையில் வழுக்கைத் தலையோடு உட்கார்ந்தால் கலாய்த்தே தீருவார்கள் என்று மகள் எச்சரித்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் மச்சான்