இடாப்பில் வெட்டிய பெயர்

அன்பு மச்சான்,

உன் குரல் பதிவைக் கேட்டு மூன்று கிழமையாகிவிட்டது. திட்டாதே. இங்கே ஒரே மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது, அப்புறம் எனக்கு இந்தப் பேசிப் பதிவு செய்கிற வேலையே சரிவராது, என் குரலை நானே கேட்டால் யாரோ ஒரு கிழவன் இருமிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பேத்திக்குக் காது குத்தின படங்கள் எல்லாம் பார்த்தேன். உன் பெரியவன் நிற்கிற நிலை அப்படியே உன் அப்பா.

கடைசியில் ஒன்று கேட்டாயே, "இப்ப நம்ம தோட்டத்துல யாருடா தலைவரு?" என்று. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தொழிற்சங்கம் நாலு, தலைவர் நாலு பேர், சம்பளத்தில் சந்தா வெட்டுவது மட்டும் ஒழுங்காக நடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நள்ளிரவில் ஒரு வீட்டில் கூச்சல் கேட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டிருந்தாயானால் பதில் வேறு. அதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

நமக்கெல்லாம் தலைவர் என்றால் 1977தான். டெவன் தேயிலைத் தோட்டத்தில் காணி பறிப்பை எதிர்த்து நின்ற இடத்தில் தொழிலாளி சிவனு லெட்சுமணனைப் பொலிஸ் சுட்ட மே 11. நமக்குப் பதின்மூன்று வயது. உன் அப்பா அன்று ராத்திரி சாப்பிடாமல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்ததும், நாம் இரண்டு பேரும் பெரியவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டதும் நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து, தலைவர் என்றால் முன்னால் நின்று நெஞ்சைக் காட்டுகிறவர் என்று என் மண்டையில் பதிந்துவிட்டது. இன்றைக்கும் அந்த நாளில் விளக்கு ஏற்றுகிறார்கள், ஏற்றத்தான் வேண்டும். அப்புறம் நீ, இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பினவர்களை அழ அழ ஏற்றிப் போன அந்த ரயிலில், ஒப்பாரிக் கோச்சியில், ஏறிப் போய்விட்டாய்.

உங்கள் பழைய லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். நீ போன பிறகு கல்யாணமாகி வந்தவர், உனக்குத் தெரியாது. என்னைவிட வயது குறைவுதான், ஆனால் தோட்டமே அக்கா என்கிறது, நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன், அவர் என்னை "சேர்" என்கிறார். மூத்த மகள் என் வகுப்புப் பிள்ளை. 2009ல் தரம் 9. கணக்கு வராது, ஆனால் தமிழ் வாசித்தால் வகுப்பே கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு தவணை நடுவில் வருவதை நிறுத்தினாள். சில கிழமை பார்த்தேன். கல்வி வலயத்திலிருந்து பரிசோதனைக்கு வரப்போகிறார்கள் என்று சொன்னதும், வரவு வீதம் குறைந்து தெரியக்கூடாதே என்று வரவு எடுக்கிற இடாப்பில் சிவப்புப் பேனாவால் அந்தப் பெயரில் கோடு இழுத்து "விலகல்" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். பாடசாலைக்கும் அந்த லயத்துக்கும் பத்து நிமிட நடை மச்சான். நான் போகவில்லை.

அவள் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். அனுப்பிவைத்த தரகனும் நம் தோட்டத்து ஆள்தான். நாலாவது மாதம் செத்துப்போனாள் என்று போன் வந்தது. எப்படி என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். பெட்டியைத் திறக்கவேண்டாம் என்றார்கள், திறக்கவில்லை. அங்கே பொலிஸில் சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் அக்காவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ரொம்ப நாள் கழித்து, சிங்களம் படித்த ஒரு பையன் அதன் பிரதியை வாசித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது, மகளின் சாவில் தனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்று அவரே சொன்னதாக அதில் இருந்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். துக்கம் வந்தால் ஆள் எழுந்துவிடுவார் என்று மேடையில் பேசுகிறார்களே, அது பொய். அக்கா ஐந்து வருஷம் எழுந்திருக்கவில்லை. மலைக்குப் போவார், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுப்பார், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். புருஷன் குடிக்கத் தொடங்கினான், அடியும் வாங்கினார். அப்படியே முடிந்துபோன தாய்மார் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்.

2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது உனக்கும் டிவியில் தெரிந்திருக்கும். நம் தோட்டத்திலும் அரிசி, உடுப்பு சேர்த்து ஒரு லொறி போனது. அக்காவும் ஏறினார், ஏன் என்று அவருக்கே தெரியாது. கொஸ்லந்தைப் பக்கம் பாடசாலையில் தங்கவைத்திருந்தவர்களோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார். எத்தனை பேர் மண்ணுக்குள் என்பதற்கே அப்போது ஆளுக்கொரு கணக்கு இருந்ததல்லவா, அங்கே ஒரு கிழவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் லயத்தில் இருந்தவர்களின் பெயரை விரல் மடித்து எண்ணிச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம், ஒரு பெயரும் தவறிவிடக்கூடாது என்று. அக்கா திரும்பி வந்த திங்கட்கிழமை நேராகப் பாடசாலைக்கு வந்தார். எனக்குக் கை நடுங்கியது, அன்று அந்தப் பழைய இடாப்பைக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "சேர், இந்தக் கிழமை வராத புள்ளைங்க யாரு யாரு?"

அன்று தொடங்கியது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு வாசலில் வந்து நிற்பார், நான் பெயர்களைச் சொல்வேன், மனதிலேயே வைத்துக்கொண்டு அன்று பின்னேரம் அந்தந்த வீட்டுக்குப் போவார். சண்டை போடுவதில்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்பார், அப்புறம் பிள்ளையை எங்கே என்பார்.

ஆனால் அனுப்பாதே என்று வாயால் சொல்லி என்ன பயன்? 2024ல் சம்பளம் நாளுக்கு 1350 ரூபா ஆனதைப் பெரிய விஷயமாகப் பேசினார்களே, அதற்கு முந்தின வருஷங்களை நினைத்துப் பார். அந்தக் காசும் பறித்த கிலோ போதாவிட்டால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். வீட்டுக்கு வீடு வாராவாரம் கட்டுகிற கிழமைக் கடன், ஒருத்தி கட்டாவிட்டால் அவள் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் கட்டவேண்டும், ஆக கடன்காரனைவிடப் பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் வந்து கத்துவாள். பிள்ளை கொழும்பில் இருந்து அனுப்புகிற காசு நேரே அந்தக் கடனுக்குத்தான் போகிறது. "உன் மக செத்தா, என் மகளும் சாவாளா?" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள்.

அதற்கு அக்கா செய்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். நம் மரண உதவிச் சங்கம் தெரியும்தானே, உன் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது, மாதம் மாதம் காசு சேர்த்து, செத்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் கொடுப்பது. ஆண்கள் மட்டும் பேசுகிற அந்தக் கூட்டத்தில் எழுந்து, "செத்தா மட்டுந்தான் காசு குடுப்பீங்களா? உசுரோட இருக்கிறதுக்குக் குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். ஒருவரும் பேசவில்லை. மூன்று கூட்டம் இழுபறிக்குப் பிறகு, சேருகிற காசில் ஒரு பங்கைப் பாடசாலையை விட்டு நிற்கப்போகிற பிள்ளையின் வீட்டுக்கு வட்டியில்லாமல் கொடுப்பது என்று முடிவானது. பெரிய தொகை இல்லை, ஒரு கிழமைக் கட்டைச் சமாளிக்கும், சப்பாத்து வாங்கும், பஸ் காசுக்கு ஆகும். திரும்பி வராத காசும் உண்டு. கணக்கைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும்.

அப்புறம் பத்தாம் திகதி. சம்பளம் போடுகிற அன்று பின்னேரமே கசிப்பு, அந்தக் கள்ளச் சாராயம், வந்துவிடும், எட்டு மணிக்கு மேல் எந்தக் காம்பராவில் அடி விழும் என்று லயத்துக்கே தெரியும். அக்காவும் இன்னும் ஆறேழு பெண்களும் டோர்ச் எடுத்துக்கொண்டு அன்று ராத்திரி லயம் லயமாக நடக்கிறார்கள். கூச்சல் கேட்கிற வாசலில் போய் நின்று சும்மா பேசிக்கொண்டிருப்பார்கள், மாரியம்மன் திருவிழா, ரேஷன், என்னவாவது. உள்ளே இருக்கிறவனுக்குக் கை ஓங்க வராது. முதல் வருஷம் கல்லெறிந்தார்கள். எறிந்தவர்களில் அக்காவின் புருஷனும் ஒருவன் என்று பேச்சு, நான் கேட்டதில்லை.

வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005லேயே வந்துவிட்டது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம், பெண்களுக்கான உதவி எண் 1938க்குப் போன் செய்யலாம் என்பதெல்லாம் வாத்தியாரான எனக்கே அவர் சொல்லித்தான் தெரியும். பொலிஸுக்கு எந்தப் பெண் போனாலும் சிங்களம் வாசிக்கத் தெரிந்த அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போவார், எழுதினதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க விடமாட்டார். நம் பிரதேசங்களில் தமிழும் நிர்வாக மொழி என்று 1999ல் வர்த்தமானி போட்டாயிற்று. போட்டு என்ன, தமிழில் எழுத ஆள் இருக்கவேண்டுமே.

2021 ஜூலையில் டயகமத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று, 16 வயது, கொழும்பில் ஓர் அரசியல்வாதி வீட்டில் வேலைக்கு நின்ற இடத்தில் எரிகாயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய் இறந்தது. புதைத்த உடம்பைத் திரும்பத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். மலையகம் முழுக்க ரோட்டில் இறங்கியது, அக்காவும் போனார். அவர் கதை தெரிந்த யாரோ மைக்கை நீட்டி, "உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா" என்றார்கள். கெமராவுக்கு அழுகை வேண்டும். அக்கா, "எங்க தோட்டத்துல இந்த மாசம் மூணு புள்ளைங்க பள்ளிக்கூடம் வரல, அதைப் பத்திச் சொல்லவா?" என்றார். மைக் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

சந்தியா எக்னலிகொடவைப் பற்றி ஒருநாள் நான்தான் சொன்னேன். 2010 ஜனவரியில் காணாமல் போன புருஷனுக்காக இத்தனை வருஷமாக நீதிமன்றம் ஏறி இறங்குகிற சிங்கள அம்மா, 2022ல் முகத்துவாரத்துக் காளி கோயிலில் மொட்டை போட்டார் என்று. அக்கா மொட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஒவ்வொரு தவணைக்கும் போறாங்களா சேர்? பஸ் காசுக்கு என்ன பண்றாங்க?" என்று கேட்டார். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிற தாய்மாரைப் பற்றிச் சொன்னபோதும் இதே மாதிரிதான், மழைக்கு என்ன செய்கிறார்கள் என்று.

இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், இப்போது சிலர் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும், "வீரத்தாய்" என்று பட்டம் கொடுக்கவேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்கள், வரவேற்புரை எழுத என்னைக் கேட்கிறார்கள். எழுத முடியவில்லை. அந்த உரையில் நான் எங்கே வருவேன்? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்தான் மற்றப் பிள்ளைகளையும் எண்ணவேண்டும் என்றால், சம்பளம் வாங்கிக்கொண்டு எண்ணியிருக்கவேண்டிய நாங்கள் எதற்கு?

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு எழுத்து வேலை பார்க்கிறேன். ஒரு சி.ஆர். கொப்பியில் வராத பிள்ளைகளின் பெயர், வீடு, யார் போய்ப் பார்த்தார்கள், என்ன ஆயிற்று என்று. நீலப் பேனாதான் கொடுக்கிறார், சிவப்பு வேண்டாம் என்கிறார். அந்தப் பழைய கோட்டைப் பற்றி ஒரே ஒருமுறைதான் கேட்டார், போன வருஷம், கொப்பியை மூடிக்கொண்டே. "அன்னைக்கு என்ன எழுதுனீங்க சேர்?" சொன்னேன். "ம்" என்றார். அடுத்த திங்கட்கிழமையும் வந்தார்.

சரி, நீ நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக் கப்பலில் வரலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாயே, வா. கடல் குழம்பினால் ஓடாது, அதைப் பார்த்துக்கொள். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வர ஒரு பகல் பிடிக்கும். உன் காம்பரா இன்னும் இருக்கிறது, கூரைத் தகரம்தான் மாறியிருக்கிறது. வரும்போது கோத்தகிரித் தைலம் இரண்டு போத்தல் கொண்டுவா, ஒன்று எனக்கு, ஒன்று அக்காவுக்கு. பத்தாம் திகதி பனியில் நடந்துவிட்டு வந்தால் முழங்கால் மடக்க முடியவில்லை என்கிறார்.

உன்,
மச்சான்