கதிரை என்று நினைத்து இடுப்பைக் கேட்ட மகளுக்கு

மல்லாவி,
மாசி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். காலபோக நெல் அரைவாசி வெட்டியாகிவிட்டது. மிகுதிக்கு மெசின் வரும்வரை காத்திருக்கிறோம். வயல் கதையை அம்மா சொல்லுவார். நான் இக்கடிதத்தை எழுதுவதற்குக் காரணம் வேறு.

ஒரு கிழமையாக நீ ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுக்கிறாய். உனக்கு இரவுச் சாப்பாடு முடிந்து பத்தரை மணி, எங்களுக்கு விடியப்புறம் மூன்று மணி. நித்திரை குழம்புவது பெரிய விடயமன்று. ஆனால் நீ தமிழில் கதைப்பது தங்கியிருக்கும் வீட்டாருக்குக் கேட்கக் கூடாதென்று குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுக் கதைக்கிறாய் என்பது அம்மாவுக்கு முதல்நாளே விளங்கிவிட்டது. தண்ணீர் வீணாகிறதே என்றுதான் அவர் முதலில் கவலைப்பட்டார். எனக்கோ வேறு கவலை. இந்த நான்கு மாதமும் ஸ்பானிய மொழியைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உன் அமெரிக்கக் கல்லூரியின் மற்றப் பிள்ளைகளோடு ஸ்பெயினிலுள்ள செவியாவுக்குப் போனாய். இப்போது சாப்பாட்டு மேசையில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, இரவில் எங்களோடு மட்டும் கதைக்கிறாய்.

அன்று நடந்ததை நீ அழுதுகொண்டு சொன்னாய். நான் சிரித்தது பிழைதான், மன்னித்துவிடு. விருந்தாளி ஒருவர் வந்திருக்கிறார், இருக்க இடமில்லை, இன்னொரு கதிரை கொண்டுவரட்டுமா என்று கேட்க நினைத்திருக்கிறாய். மேசைக்கு அவர்கள் 'மேசா' என்கிறார்கள், ஆகவே கதிரைக்குக் 'காதேரா' என்றுதான் சொல்வார்கள் என்று நீயாகவே கணக்குப் போட்டாய். இன்னொரு இடுப்புக் கொண்டுவரட்டுமா என்று கேட்டதாக அது முடிந்துவிட்டது. அந்த வீட்டு அம்மா கண்ணீர் வரச் சிரித்தாராம். அதோடு நீ வாயை மூடிக்கொண்டாய்.

பிள்ளை, உன் கணக்கு முட்டாள்தனமானது அன்று. எங்கள் வீட்டைச் சுற்றிப் பார். குசினி, மேசை, அலுமாரி, சப்பாத்து, வாங்கு, பாண் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. அவர்கள் யாழ்ப்பாண இராச்சியத்தை முழுதாகப் பிடித்த 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே மன்னர்தான். 1580 முதல் 1640 வரை அப்படியே இருந்தது. இரண்டு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகையால் நீ அங்கே கேட்கும் கொசினா, அர்மாரியோ, சபாத்தோ, பாங்கோ, பான் என்பவை இங்கே அப்பாச்சி நாள்தோறும் சொல்லும் சொற்களின் உறவுக்காரர்கள். கதிரை மட்டும் உன்னை ஏமாற்றிவிட்டது. போர்த்துக்கேயருக்குக் கதிரையான அந்தச் சொல் ஸ்பானியருக்கு இடுப்பாகிவிட்டது, மூலச்சொல் ஒன்றுதான். ஆறில் ஐந்து சரியாக வருகிற கணக்கை ஒரு பிழைக்காகக் கைவிடுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

நான் சிங்களம் படித்த கதையை நீ முழுதாக அறியமாட்டாய். 2009இல் அப்பாச்சியை வன்னிக்கு வெளியே ஓர் ஆசுபத்திரியில் சேர்த்திருந்தார்கள். உனக்கு அப்போது நான்கு வயது. எங்களை அவவோடு நிற்க விடவில்லை. அந்த வார்டில் தமிழ் தெரிந்தவர்கள் எவரும் இருக்கவில்லை. வயிற்றைத் தடவித் தடவிப் 'பசிக்குது, பசிக்குது' என்று அப்பாச்சி சொல்லியிருக்கிறா. தாதி நல்ல பிள்ளைதான், ஓடிவந்து வயிற்றுவலிக் குளிசை கொடுத்திருக்கிறாள். மீண்டும் சொல்ல, மீண்டும் குளிசை. இரண்டு நாள் கழித்து நான் போய்ப் பார்த்தபோது அப்பாச்சி அந்தக் குளிசைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தா. ஆறு குளிசைகள். அதை அவிழ்த்துக் காட்டியபோது அவ எதுவும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு, பசி என்பதற்கான சிங்களச் சொல்லைத்தான் முதலில் தேடினேன். நெல் ஏற்ற வந்த லொறிச் சாரதி ஒருவர் என் வாத்தியாரானார். 'பட' என்றால் வயிறு, 'கினி' என்றால் நெருப்பு. வயிற்று நெருப்புத்தான் பசி, 'மட்ட படகினி' என்று சொல்ல வேண்டும் என்று படிப்பித்தார். அடுத்த நாள் நெல்மூட்டையின் மேல் இருந்துகொண்டு, வயிற்றை மறந்துவிட்டு 'மட்ட கினி' என்று சொன்னேன். மனிதர் துள்ளியெழுந்து எங்கே நெருப்பு என்று மூட்டைகளைப் புரட்டத் தொடங்கினார். அன்று சந்தியே சிரித்தது. எனக்கு நாற்பத்தேழு வயது. ஆனால் அதன் பிறகு அந்தச் சொல் எனக்கு மறக்கவேயில்லை. பிறகு பாண், மேசய, குஸ்ஸிய, சபத்து என்று வீட்டுச் சாமான்களில் தொடங்கினோம். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தவையும் அதே போர்த்துக்கேயச் சொற்கள்தாம். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவற்றுக்கு ஏறினேன்.

இப்போது நீ தாதியாகப் போகிறாய். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் அதிகம். அவர்களுக்குள்ளும் சேலைத் தலைப்பில்லாத அப்பாச்சிகள் இருப்பார்கள். உன் கல்லூரி உங்களை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டதன் காரணம் இதுதான் என்று நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன். மருந்தின் பெயரை வகுப்பில் படிக்கலாம். ஒரு கிழவி எப்படி முனகுவாள் என்பதை வீட்டில்தான் படிக்க முடியும்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்த உன் தோழிகளைவிட உனக்கு வழி சுகம் என்பதையும் நினைத்துக்கொள். 'மே துவேலே லா கபேசா' என்ற வசனத்தை அவர்கள் தலைகீழாகப் புரட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது என்று நீதானே சொன்னாய்? எனக்குத் தலை நோகிறது என்பதன் நேர் அச்சு அது. எனக்குப் பிடிக்கும் என்பதும் அப்படியே. 'நான்' என்று சொல்லாமலே வினைச்சொல்லின் வாலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதும் எங்களுக்குப் பழக்கமானது. செவியாவில் சொல்லின் இறுதியில் வரும் 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுகிறார்கள், புத்தகத்தில் படித்தது காதில் விழுவதில்லை என்று முறைப்பட்டாய். 'வருகிறேன்' என்று எழுதிவிட்டு 'வாறன்' என்று சொல்கிற ஊரில் பிறந்தவள் அப்படி முறைப்படலாமா?

அந்த வீட்டு அம்மாவை 'து' என்று நீ போட்டு அழைக்கக் கூச்சமாக இருக்கிறது, 'நீங்கள்' என்று மரியாதையாக 'உஸ்தெத்' போட்டால் தன்னைக் கிழவியாக்குகிறாய் என்று அவர் கோபிக்கிறார் என்றாய். இடையில் ஒரு 'நீர்' அவர்களிடம் இல்லாதது குறைதான். அவர் சொல்கிறபடியே அழை.

அப்பாச்சிக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை. கிறிஸ்தவக் கல்லூரி, தினமும் செபம், பிள்ளை மாறிவிடுவாளோ என்பதே கேள்வி. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கும் ஒரே பக்தியோடு போய்வந்த மனிசி இதைக் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. செபத்துக்குப் போ, பெரிய வெள்ளிக்கு முன்பின்னாகச் சுருவங்களைப் பிடரியில் சுமந்து வருவதையும் பார். பார்த்ததை ஸ்பானிய மொழியிலேயே அந்த அம்மாவிடம் கேள்.

சவேரியார் கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் இன்றைய ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் பிறந்தவர்; அங்கே அவர் பெயர் ஹாவியேர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, இரு மொழியும் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். சில காலம் கழித்துத்தான் தெரிந்தது, 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். 1544இல் தன் தோழருக்கு எழுதிய கடிதத்தில் அதைத் திருத்தும்படி சொன்னார். தெருத் தெருவாக மணியடித்துச் சனத்தைக் கூட்டிப் படிப்பித்த செபத்திலேயே பிழை. அவர் மணியை மூட்டை கட்டி வைத்துவிடவில்லை.

ஆகவே நான் முடிவெடுத்திருப்பது இது. இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும், உனக்குப் பகல் வெளிச்சம் இருக்கும்போது, அரைமணி நேரம் கதைப்போம். மற்ற நாட்களில் நீ எடுத்தாலும் நான் எடுக்கப்போவதில்லை. அம்மாவின் தொலைபேசியையும் இரவில் நானே வைத்திருக்கப் போகிறேன். அவர் இதற்குச் சம்மதிக்க இரண்டு நாள் எடுத்தது. உண்மையில் வருத்தம் வந்தால் செய்தி அனுப்பு, அது வேறு. இன்றிரவு மேசையில் கதிரைக்குச் சரியான சொல்லை அந்த அம்மாவிடமே கேட்டு, அதைச் சொல்லி ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரு.

அம்மா நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்: துவாய், சாவி, யன்னல், பொத்தான். இவற்றில் எவை அங்கேயும் அப்படியே இருக்கின்றன என்று ஞாயிற்றுக்கிழமை நீ சொல்ல வேண்டுமாம். துவாய் கட்டாயம் இருக்கும் என்று அவர் சொல்கிறார். யன்னல் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா