கைத்தடி இல்லாமல் வாசல் வரை

குடோன் நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று மாதம் கழித்து நேற்றுதான் கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடந்தேன். அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் குடோனில், சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி என் பாதத்தில் ஏறியபோது ஓடி வந்தவர்களுக்கு நன்றி சொல்லாவிட்டால் மனசு கேட்காது.

முதலில், ஒடிசாவிலிருந்து வந்து லோடு ஏற்றும் அந்தத் தம்பிக்கு. நான் பில்லைப் பார்த்தபடி ஃபோர்க்லிஃப்ட்டை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். அதற்குப் பின்சக்கரம்தான் திரும்பும், அதனால் வண்டியின் பின்பக்கம் சட்டென்று வெட்டி வரும். பத்து வருடமாகத் தெரிந்த விஷயம்தான், அந்த நொடியில் நினைவில் இல்லை. சக்கரம் பாதத்தில் ஏறியதும் தம்பி "ரோக்கோ, ரோக்கோ" என்று போட்ட சத்தத்தில்தான் வண்டி நின்றது. காலி வண்டியே மூன்றரை டன்னுக்குக் குறையாது. இன்னும் ஓர் அடி வந்திருந்தால்? வேண்டாம், யோசிக்கவில்லை.

ஆளாளுக்கு ஷூவைப் பிடித்து இழுக்க வந்தபோது, "தொடாதீங்க, ஆஸ்பத்திரியில வெட்டி எடுப்பாங்க" என்று தடுத்த செக்யூரிட்டி அண்ணனுக்கு நன்றி. 108-இல் கூடவே வந்தவரும் அவர்தான். ஷூவின் இரும்பு மூக்கு விரல்களைக் காப்பாற்றிவிட்டது. அதற்குப் பின்னால் இரண்டு எலும்புதான் முறிந்தது.

அப்புறம், வண்டி ஓட்டிய அண்ணன். அவரைப் பற்றிச் சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. முன்னால் ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டி இருந்தால் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். அவர் ஒரு தோள் பக்கம் திரும்பிப் பார்த்தார், நான் மறுபக்கம் இருந்தேன். ஆளும் வண்டியும் ஒரே பாதையில் போனால் அவர் என்ன செய்வார்? வாராவாரம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார். அண்ணே, எனக்கு உங்கள் மேல் கோபமே இல்லை.

விபத்து அறிக்கையை உடனே தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-க்கு அனுப்ப வைத்த சங்கத் தோழருக்கும் கடன்பட்டிருக்கிறேன். சாதாரண நோய் என்று பதிந்திருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம்தான். வேலையில் பட்ட காயம் என்பதால் 90 கிடைத்தது. வீட்டு வாடகை தவறவில்லை.

இப்போது நடைபாதைக்கு மஞ்சள் கோடு போட்டு, தடுப்புக் கம்பியும் வைத்திருக்கிறார்களாம். போட்டவர்களுக்கும் நன்றி. கொஞ்சம் முன்னாலேயே போட்டிருக்கலாம்!

பேக்கிங் அக்காவின் தூக்குச்சட்டி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை எடுத்து வருகிறேன்.