கீழூரில் ஓட்டுப் போட்டது யார்?

புதுச்சேரி சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பிரிக்காமல் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் எல்லோரும் ஒரே கட்சிதான்.

மாநில அந்தஸ்து கேட்டு நீங்கள் தீர்மானம் போடும்போதெல்லாம் நானும் உங்கள் பக்கம்தான். நாங்கள் 30 பேரைத் தேர்ந்தெடுத்தால் டெல்லி தன் பங்குக்கு 3 பேரை நியமிக்கும், அவர்களுக்கும் சபையில் ஓட்டு உண்டு, 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. எனக்கும் கோபம்தான். சரி, அதே கோபத்தோடு உங்களிடம் கேட்கிறேன், எங்கள் வார்டு கவுன்சிலர் எங்கே?

1968-ல் ஒரு நகராட்சித் தேர்தல், அடுத்தது 2006-ல். நடுவில் 38 வருஷம். 2006-ல் ஜெயித்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது, அப்புறம் இதை எழுதும் நாள் வரை ஒன்றும் இல்லை. 2021-ல் தேதி வரை அறிவித்தார்கள், இட ஒதுக்கீடு பற்றி வழக்கு வந்தது, நின்றுபோனது. இட ஒதுக்கீடு ஒழுங்காக இருக்கத்தான் வேண்டும். அதை ஒழுங்குபண்ண இத்தனை வருஷமா?

அந்த 5 வருஷத்தில் எங்கள் கவுன்சிலர் வீடு நாலு வீடு தள்ளி இருந்தது. ஒருநாள் காலையில் வாசலில் பல் விலக்கிக்கொண்டிருந்த மனுஷனை அம்மா நிறுத்தி வைத்து, வாய்க்கால் அடைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னார். வாயில் நுரையோடு தலையாட்டினார். மத்தியானம் மண்வெட்டியோடு ஆள் வந்துவிட்டது. போன மழையில் அதே வாய்க்கால் அடைத்துத் தண்ணீர் சமையற்கட்டு வரை வந்தது. நகராட்சியில் மனு கொடுத்தேன், அப்புறம் எம்.எல்.ஏ. வீட்டுக்கும் போய் முதியோர் பென்ஷன், காலேஜ் சீட்டு என்று நின்றவர்களோடு வரிசையில் நின்றேன். மனுவை வாங்கியவர் தெருப் பெயரைக் கேட்கவில்லை. "நீங்க எந்த பூத்து?" என்றார்.

தொகுதிக்குச் சுமார் 30 ஆயிரம் ஓட்டுதான். கவுன்சிலர் வேலையையும் நீங்களே பார்த்துவிடலாம், அதில் வரும் பெயரும் உங்களுக்கே. இன்னொருத்தர் எதற்கு என்ற நினைப்புதான் இதற்கெல்லாம் காரணம் என்று நினைக்கிறேன், தப்பென்றால் சொல்லுங்கள்.

இங்கே நகராட்சித் தேர்தல் புதுசும் இல்லை. பிரெஞ்சுக்காரன் 1880-லேயே கொண்டுவந்தான். யோக்கியமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஐரோப்பியர்களுக்கு ஒரு வாக்காளர் பட்டியல், நம்மவர்களுக்கு வேறொன்று, கள்ள ஓட்டு, அடிதடி எல்லாம் உண்டு. கைப்பிடி அளவு வெள்ளைக்காரர்களுக்குத் தனிப் பட்டியல் கொடுத்து உட்காரவைத்ததற்கும் இப்போதைய நியமன உறுப்பினர்களுக்கும் ஏதோ சொந்தம் இருப்பதுபோல எனக்குத் தோன்றும், அதை இன்னொரு நாள் பேசலாம். அத்தனை மோசடிக்கு நடுவிலும் மன்றம் என்று ஒன்று இருந்தது. அதனால்தான் 1954 அக்டோபர் 18-ஆம் தேதி நம்ம கீழூர் கிராமத்தில் ஓட்டெடுப்பு நடத்த ஆள் இருந்தது. இந்தியாவோடு சேரலாமா என்று அன்றைக்கு முடிவெடுத்தது 178 பேர், ஆதரவு 170, எதிர்ப்பு 8. அவர்கள் யார்? பிரெஞ்சு ஆட்சியின் சட்டசபையான பிரதிநிதி சபையின் உறுப்பினர்கள், கூடவே புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் நகராட்சி கவுன்சிலர்கள். நாடு மாறுகிற முடிவை எடுக்கக் கவுன்சிலர் தேவைப்பட்டார், தெரு வாய்க்காலுக்குத் தேவையில்லையா?

கடற்கரைச் சாலையில் மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தபோது ஊரே வருத்தப்பட்டது. பழைய மாதிரியே திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். தூண், வளைவு எல்லாம் அச்சு அசல் அப்படியே. சாயங்காலம் அதன் முன்னால் நின்று ஜனங்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். நகராட்சிக்கென்று கட்டிய கட்டடத்துக்கு மறுபிறவி கிடைத்துவிட்டது, நகராட்சி மன்றத்துக்குத்தான் கிடைக்கவில்லை.

வருகிற கூட்டத்தொடரில் மாநில அந்தஸ்துத் தீர்மானம் போடுங்கள், கைதட்டுகிறேன். அதே நாளில் 5 நகராட்சிக்கும் பல கிராமங்கள் சேர்ந்த 10 கொம்யூன் பஞ்சாயத்துக்கும் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் நடத்தச் சொல்லியும் ஒரு தீர்மானம் போடுங்கள். சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாளான ஆகஸ்ட் 16-ஆம் தேதி கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றும்போது நானும் வருவேன், தேதி கேட்பேன்.

இப்படிக்கு,
உழவர்கரை நகராட்சியில் வரி கட்டும் ஒருவன்