போதும்பொண்ணு பெரியம்மாவிடமும் வாசித்துக் காட்டு

டியூபிங்கன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

புதன்கிழமை நீ கூப்பிட்டபோது, "கன்னி ஈயெல்லாம் பிரிக்கணும், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். "ஜெர்மனிக்குப் போய் ஈக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறாளாம்" என்று நீ அப்பாவிடம் சொன்னதாகத் தம்பி எழுதியிருந்தான். அம்மா, அது நிஜம்தான். வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. கூட்டை விட்டு வந்த எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈயைத் தனியாக எடுத்துவிட வேண்டும். விட்டால் எந்த ஆணோடு சேர்ந்ததோ, பிள்ளைக்குத் தகப்பன் யார் என்றே தெரியாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் காலை, மாலை இரண்டு வேளை ஓடுகிறேன். கார்பன் டை ஆக்சைடில் மயங்க வைத்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக ஒதுக்குவோம். புதிதாக வந்த ஈயின் வெளிறிய வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரியும். பிறந்த குழந்தை முதலில் கறுப்பாகப் போகுமே, அதே சமாசாரம். அதைப் பார்த்ததும் எடுத்துவிடலாம்.

ஈக்குச் சாப்பாடும் நாங்களே காய்ச்சுகிறோம். சோளமாவு, ஈஸ்ட், சர்க்கரைப்பாகு, கொஞ்சம் அகர் என்ற கடல்பாசிப் பொடி. அன்றைக்கு வராந்தா முழுக்கக் கூழ் வாசனை. எனக்கு உன் அடுப்படி ஞாபகம் வந்துவிடும்.

நீ ரசிக்கக்கூடியது இங்கே மரபணுக்களுக்கு, அதாவது உடம்பு எப்படி உருவாக வேண்டும் என்று தாய் தகப்பனிடமிருந்து வரும் குறிப்புகளுக்கு, வைத்திருக்கும் பேர்கள். ஒரு மரபணு கெட்டுப்போனால் ஈக்கு என்ன ஆகிறதோ, அதைப் பார்த்துப் பேர் வைப்பார்கள். ஆணோ பெண்ணோ, வெளியுறுப்பே இல்லாமல் பிறந்தால் 'கென் அண்ட் பார்பி'. அந்தப் பேரில் விற்கும் ஆண், பெண் பொம்மைகளுக்கு அதெல்லாம் கிடையாதில்லையா! இந்த ஊரில் மாவைப் பலகையில் வைத்துக் கத்தியால் சீவிச் சீவிக் கொதிநீரில் போட்டு எடுப்பார்கள், 'ஸ்பெட்ஸ்லே' என்று பேர். அதே வடிவில் வளர்ந்த கருவைப் பார்த்து ஒரு மரபணுவுக்கும் அந்தப் பேரை வைத்துவிட்டார்கள். இன்னொன்றைப் பார்த்ததும் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் அம்மையார் "டோல்!" என்றாராம். ஜெர்மனில் 'பிரமாதம்' என்று அர்த்தம். பேர் 'டோல்' என்றே நிலைத்தது. நம் உடம்பு கிருமியை அடையாளம் கண்டுகொள்வதில் அதன் உறவுக்கார மரபணுக்களுக்கும் பங்கு உண்டு. அந்த அம்மையார் இந்த ஈயை ஆராய்ந்து 1995இல் நோபல் பரிசு வாங்கியவர், இதே ஊரில் வேலை பார்த்தவர், சமையல் புத்தகமும் எழுதியிருக்கிறார். உனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

சமையல் என்றதும் இன்னொன்று. போன வாரம் இங்குள்ள கோட்டைக்குப் போனேன். அதன் பழைய சமையலறையில்தான் 1869இல் ஃபிரீட்ரிஷ் மீஷர் என்ற விஞ்ஞானி, மரபணுக்கள் அடங்கிய டிஎன்ஏ என்ற பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தார். எதிலிருந்து தெரியுமா? ஆஸ்பத்திரியில் கழற்றிப்போட்ட கட்டுத்துணியில் இருந்த சீழிலிருந்து! எச்சில், தீட்டு என்று அடுப்படி வாசலிலேயே காலைக் கழுவச் சொல்வாயே, உன்னை நினைத்துக்கொண்டு அங்கேயே சிரித்துவிட்டேன்.

இப்போது பெரியம்மா விஷயம். எங்கள் ஈயில் 'ஃபுஷி தராஸு' என்று ஒரு மரபணு. ஜப்பானிய மொழியில் 'கணு போதவில்லை' என்று அர்த்தம். அது கெட்டால் உடம்பில் பாதித் துண்டங்கள் உருவாகாது. போர்டில் அதை எழுதும்போது, "எங்கள் பெரியம்மா பேர் போதும்பொண்ணு. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்தது. அதற்கப்புறம் எங்கம்மா பிறந்தாள்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஜப்பான் தோழி மட்டும், "உங்கள் பாட்டியை யாராவது ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்டாள்.

அம்மாச்சியைப் பேசாத பேச்சா அம்மா? நீதானே சொல்லியிருக்கிறாய். பிள்ளை ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பவை மரபணுக்களைச் சுமக்கும் எக்ஸ், ஒய் என்ற இரண்டு குரோமோசோம்கள். அதில் தாயிடம் இருப்பது எக்ஸ் மட்டும்தான், தகப்பனிடம் இரண்டும் உண்டு. ஒய்யைக் கொடுத்தால் மகன், எக்ஸைக் கொடுத்தால் மகள்; கொடுப்பது தகப்பன். ஐந்து தடவையும் எக்ஸைக் கொடுத்தது தாத்தா. அம்மாச்சி இருக்கும்போது இதை உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம் என்று மனசு அடித்துக்கொள்கிறது. பெரியம்மாவிடமாவது இந்தப் பத்தியை இரண்டு தடவை வாசித்துக் காட்டு. காது மந்தம், சத்தமாக வாசி.

தம்பியிடம் இட்லிப்பொடி கொடுத்துவிடு. காரம் தூக்கலாக இருக்கட்டும். மணி பத்தாகிறது, ஈக்களைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் அன்பு மகள்