கம்பியும் கதிர்வீச்சும் சேர்ந்தே தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்றதும், 'இனி கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து வலியைக் குறைப்பார்கள், வேறென்ன செய்ய முடியும்' என்று பேசி முடித்துவிடுவது மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் தொடை எலும்புக்குப் பரவியபோது நானும் அப்படியே நினைத்தேன். இங்குள்ள ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தார்கள், வலியும் குறைந்தது. இந்தியில் 'வஜன் மத் டாலியே' (எடை போடாதீர்கள்) என்று சொல்லி அனுப்பியதை, குடம் வாளி தூக்கக் கூடாது என்றே நாங்கள் புரிந்துகொண்டோம். காலில் பாரம் ஊன்றக் கூடாது என்பதுதான் அதன் பொருள் என்று, மூன்றாம் வாரம் குளியலறை வாசலில் அவர் விழாமலேயே எலும்பு முறிந்த பிறகுதான் தெரிந்தது.

கதிர்வீச்சு புற்றணுக்களை அழிக்கும். ஆனால் அரிக்கப்பட்ட எலும்பு கெட்டிப்பட மாதங்கள் ஆகும், அதுவரை வலி குறைந்த தைரியத்தில் நோயாளி நடமாடுவதே ஆபத்தாகிவிடுகிறது. எலும்புக்குள் செலுத்தும் கம்பியோ உடனே பாரத்தைத் தாங்கும். ஆனால் அது புற்றைத் தொடுவதில்லை என்பதால், சுற்றிலும் நோய் வளர்ந்து கம்பியே தளர்ந்துவிடக்கூடும். ஆகவேதான் முதலில் கம்பி பொருத்தி, காயம் ஆறியதும், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில், கதிர்வீச்சு தருகிறார்கள். முறியும் அபாயத்தை முன்பே கணிக்க 1989-இல் மிரெல்ஸ் என்ற மருத்துவர் வகுத்த மதிப்பெண் முறை உள்ளது. இடம், வலி, எக்ஸ்ரேயில் தெரியும் அரிப்பின் தன்மை, அளவு ஆகியவற்றைக் கொண்டு 12-க்கு 9 அல்லது அதற்கு மேல் வந்தால் முன்கூட்டியே கம்பி பொருத்தப் பரிந்துரைக்கிறது. என் மனைவியின் எக்ஸ்ரேயை எலும்பு அறுவை மருத்துவர் எவரும் முன்னதாகப் பார்க்கவில்லை என்பதே என் குறை.

முதுகெலும்பில் இது இன்னும் அவசரமானது. அங்கே புற்று பரவித் தண்டுவடம் ஓரிடத்தில் நசுங்கிய 101 பேரிடம் நடத்தி 2005-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினரும், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 விழுக்காட்டினரும் சிகிச்சைக்குப் பின் நடந்தனர். நடக்கும் திறன் நிலைத்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்காவது நீடித்த காலம்) முறையே 122 நாள், 13 நாள்.

எல்லோருக்கும் அறுவை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முறியும் அபாயமின்றி வலி மட்டும் இருந்தால் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே தவணைக் கதிர்வீச்சே பலருக்குப் போதும். உடல் தாங்காதவர்களை அறுவைக்கு உட்படுத்துவதும் முறையன்று. அந்த முடிவை எலும்பு மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் ஒன்றாக அமர்ந்து எடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையை நாடித் தமிழகத்திலிருந்தும் பலர் வருகிறார்கள். தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகளான கால் மரத்துப்போதல், திடீர்த் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு ஆகியவை தெரிந்தால் அடுத்த தவணை வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும், பாரம் ஊன்றுவது பற்றிய எச்சரிக்கையையும் தமிழில் அச்சிட்டுத் தருமாறு மும்பை மருத்துவமனைகளைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை