முன்னிருந்து பின்னுக்கு

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து நாலு மாசமாகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து எழுத உட்கார்ந்தால் கூப்பிடுவாள். எழுந்து போனால் அன்றைக்குப் பேனா அவ்வளவுதான். சாந்தா பெண் கல்யாணத்துக்கும் போகவில்லை. நீ போனாயா? அந்தப் பச்சைப் புடவையை மறுபடியும் கட்டிக்கொண்டு வந்தாளா?

எழுத வந்தது வேறு. மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது, உன்னிடம் சொன்னால்தான் ஆறும்.

போன மாசம் ஒரு சாயங்காலம் அம்மா என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. பக்கவாதமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். யூரின் இன்ஃபெக்‌ஷன்! வயசானவர்களுக்கு எரிச்சல், வலி என்று எதுவும் சொல்லத் தெரியாமலே இப்படிப் புத்தி தடுமாறுமாம். கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்டில் வந்தது ஈ.கோலை. நம் எல்லோர் குடலிலும் இருக்கிற கிருமி, இடம் மாறினால்தான் வினை.

மூன்றாம் நாள் நர்ஸ் ஒருத்தி, "அம்மாவுக்குக் கால் கழுவிவிடுவது நீங்களா? எப்படி என்று காட்டுங்கள்" என்றாள். பின்னாலிருந்து முன்னுக்கு வழித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே திசையைத் திருப்பிவிட்டாள். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் 4 சென்டிமீட்டர்தானாம். ஆண்களுக்கு 20 வரை. ஆசனவாயிலிருந்து அங்கே போக எவ்வளவு தூரம் சொல்லு. இத்தனை வயசுக்கு இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை, மாலு. இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, படுத்த படுக்கை, வயசு எல்லாம் சேர்ந்ததுதான் என்றார் டாக்டர். ஆனாலும் அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

உன் மருமகள், "கையால் தொட்டுக் கழுவுவது அசுத்தம் இல்லையா?" என்று கேட்டதாகவும், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தாய். உன் முகத்தைத் தூக்கி வைத்தால் யாரால் இறக்க முடியும்! ஆனால் அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்விடி. உடம்பைச் சுத்தம் செய்வதில் தண்ணீரை மிஞ்ச ஒன்றுமில்லை. டாய்லெட் பேப்பர் தோல் மடிப்புகளில் பூசிவிட்டுத்தான் வருகிறது, தேய்க்கத் தேய்க்கத் தோலும் புண்ணாகிறது. 1930களில்கூடச் சிராய் குத்தாத பேப்பர் என்று விளம்பரம் செய்து விற்றிருக்கிறார்கள், பார்த்துக்கொள். ஆனால் கழுவிய கையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு வந்தால் அவள் சொல்வதுதான் சரி. சீதபேதி தருகிற ஷிகெல்லா கிருமி 10 முதல் 100 வரை உள்ளே போனாலே போதும், ஆளைப் படுக்கப்போட்டுவிடும். அது நகத்தடியில் ஒளிகிற அளவுகூட இல்லை. 20 விநாடியாவது சோப்புப் போட்டு, நகம், விரல் இடுக்கு எல்லாம் தேய்க்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். இது பேப்பர்காரர்களுக்கும்தான், பேப்பர் ஒன்றும் கையுறை இல்லையே. அவளிடம் சண்டை போடாமல் இதைச் சொல்லு.

இப்போது நான் மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு முன்னிருந்து பின்னுக்கு மட்டும்தான். உள்பக்கம் சோப்புப் போடுவதில்லை, அது தோலை வறட்டி எரிச்சல்தான் தருகிறது. கழுவியபின் மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கிறேன். ஈரத்தோடு விட்டால் இடுக்கில் பூஞ்சை வந்துவிடும், படுத்திருப்பவர்களுக்குத் தோலே ஊறிப் பிய்ந்துவிடும். கக்கூஸில் கழுவுகிற கைக்குழாயை வேகமாகப் பீய்ச்சுவதில்லை. அதன் ஹோஸைக் கக்கூஸ் கோப்பைக்குள் தொங்கவிடுவதும் இல்லை. மெயின் குழாயில் அழுத்தம் குறைகிற நேரத்தில் அந்த அழுக்குத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படலாம். குழாயின் கைப்பிடியையும் தினம் துடைக்கிறேன், எந்தக் கையால் பிடிக்கிறோம் என்று யோசித்தால் உனக்கே புரியும்.

இனி உன்னைப் பற்றி. உன் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். மகன் வீட்டில் பேப்பர் மட்டும்தான், தேய்த்துத் தேய்த்து எரிகிறது, இரண்டு தடவை ரத்தம்கூடப் பார்த்தேன் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் பேத்தியின் நாட்டியத்துக்குப் போய்விட்டாய். நானும் நாலு மாசம் முன்னால் அந்த வரியை அப்படியே தாண்டிப் போயிருக்கிறேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

எரிச்சலுக்கு வழி இருக்கிறது. ஒரு சொம்பை உள்ளே கொண்டு போ, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் கழுவு, பேப்பரை ஒற்ற மட்டும் வைத்துக்கொள். வாசனை போட்ட ஈரத்துடைப்பான் வேண்டாம், அதில் போடுகிற மருந்து சிலருக்கு அலர்ஜி. ஆனால் ரத்தத்துக்கு இது வைத்தியம் இல்லை. வெடிப்பாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம். அதை நீயும் நானும் முடிவு செய்ய முடியாது, நம் வயசில் பார்த்தே தீர வேண்டும். மருமகளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மகனிடம் சொல். அதுவும் முடியாவிட்டால் எனக்கு போன் பண்ணு, நான் அவனிடம் பேசுகிறேன்.

டாக்டரிடம் போய்விட்டு வந்த அன்றைக்கே எழுது. பேத்தி நாட்டியமெல்லாம் அடுத்த பக்கத்தில் இருக்கட்டும்.

உன்,
விஜயா